முப்பத்திரண்டில் ஒன்று

நீண்ட பதிவு. பொதுச் சேவையகங்களில் நிரல்களை ஓட்டும் ஆய்வு மாணவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக, கணினி அறிவியல் பயிலாமல் மொழியியல், சமூகவியல், பொருளியல் போன்ற துறைகளிலிருந்து இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக. இதில் வரும் தவறு முழுவதும் என்னுடையது.

என் முனைவர் பட்ட ஆய்வு, தமிழ்ச் சொற்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைப் பற்றியது. வல்லினம் மிகும் என்று இலக்கணம் கூறும் இடங்களில் இன்றைய எழுத்து வழக்கு உண்மையில் என்ன செய்கிறது என்பதை, நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் திரட்டிய ஏறத்தாழ 12 கோடிச் சொற்கள் கொண்ட தரவகத்தில் எண்ணிப் பார்க்கிறேன். ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் தந்தத்தால் ஆன பலகை. இடையில் நிற்பது ஒரே ஓர் ஒற்று. அதை விட்டுவிட்டால் பிழையான தொடர் கிடைப்பதில்லை. வேறொரு சரியான தொடர் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இப்பிழையை எவரும் எளிதில் கண்டுகொள்வதில்லை. இதைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசிவந்த நான், இதே வகைப் பிழையை வேறோரிடத்தில் ஐந்து நாள்கள் செய்துகொண்டிருந்தேன்.

நான் பயில்வது ஐதராபாத்தில். எங்கள் வளாகத்தில் பல துறைகளுக்கும் பொதுவாக 32 கோர்கள் கொண்ட ஒரு சேவையகம் உண்டு. வேண்டிய கோர்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு வரிசையில் பதிய வேண்டும். முறை வரும்போது வேலை தொடங்கும். ஒருவர் 32 கோர்களையும் கேட்டுப் பெற்றால், அவர் வேலை முடியும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். என் ஆய்வுக்குழுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. 32-ஐயும் கேட்டேன், கிடைத்தது.

நிரல், எனக்கு முன் இத்துறையில் ஆய்வு செய்துவிட்டுச் சென்ற மூத்தவர் ஒருவர் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. ஒவ்வொரு சொல்லையும் உருபனியல் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, அண்டை அண்டையாக நிற்கும் சொற்கள் சேரும் விதத்தை வகைப்படுத்தும். பெருஞ்சுழற்சியின் தலையில், ‘இதைப் பல இழைகளுக்குப் பகிர்ந்துகொடு’ என்னும் பொருள்பட ஓப்பன்எம்பி வரி ஒன்றை அவர் எழுதியிருந்தார். இழை என்று இங்கே நான் சொல்வது ‘த்ரெட்’ என்பதை: ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய தனித்தனி வேலைத் தொடர்களை. கோர்கள் எத்தனை இருந்தாலும், நிரலில் ஓர் இழைதான் உண்டு என்றால் ஒரு கோர்தான் உழைக்கும். மற்றவை சும்மா இருக்கும்.

அந்தச் சுழற்சிக்குள் என் ஆய்வுக்குத் தேவையான எண்ணிக்கை வரிகளை நான் சேர்த்தேன். அவர் விட்டுச்சென்ற மேக்ஃபைல் புதிய சேவையகத்தின் கோப்புப் பாதைகளுக்குப் பொருந்தவில்லை. எனவே, அதிலிருந்து இன்றியமையாதவை என்று எனக்குத் தோன்றியவற்றை மட்டும் எடுத்துக் கட்டளைகளைக் கையால் தட்டினேன். எச்சரிக்கைச் செய்திகள் திரையை நிறைத்தன என்பதால் அவற்றைக் காட்டும் தெரிவையும் விட்டுவிட்டேன். நிரல் தொகுக்கப்பட்டது, இணைக்கப்பட்டது, ஓடத் தொடங்கியது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

ஒவ்வொரு நாளும் காலையில் ‘டாப்’ கட்டளையைத் தட்டிப் பார்ப்பேன். என் நிரலுக்கு எதிரே 100 விழுக்காடு என்றிருக்கும். முழுத் திறனும் பயன்படுகிறது என்று நிறைவோடு தேநீர் அருந்தப் போவேன். லினக்ஸில் அந்த 100 ஒரு கோரின் முழு உழைப்பைக் குறிக்கிறது, 32 கோர்களும் உழைத்தால் அந்த எண் 3200-ஐ நெருங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள், வியாழன் மாலை ஐந்து மணிக்கு, பொருள் அறிவியல் துறை இளையவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். ஸ்ரீகாகுளத்துக்காரர், தெலுங்கில்தான் பேசுவார். “அக்கா, உங்கள் வேலை இன்னும் எத்தனை நாள் ஓடும்?” என்று கேட்டார். (அக்கா இரு மொழிகளுக்கும் பொது.) இன்னும் ஒரு நாளில் முடியும் என்றேன். மறுநாள் நள்ளிரவுக்குள் ஒரு கருத்தரங்கிற்குத் தம் கட்டுரையை அனுப்ப வேண்டும், அதற்கு 32 கோர்களில் இருபது மணிநேர ஓட்டம் தேவை என்றார். பேசிக்கொண்டே என் திரையைப் பார்த்தவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “இது ஒரு கோரில்தானே ஓடுகிறது, அக்கா?”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். என் நிரல் முடிவுகளை இறுதியில்தான் எழுதும். இடையில் நிறுத்தினால் ஐந்து நாள் உழைப்பும் போய்விடும். கூட்டத்தை நினைத்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். இரவெல்லாம் உறக்கமில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினேன். அவர் வேலை உடனே தொடங்கிச் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முடிந்தது. காலக்கெடு ஐந்து மணி நேரத்திற்கு முன்பே கடந்துவிட்டிருந்தது. முந்தைய மாலை நிறுத்தியிருந்தால் வெள்ளி நண்பகல் ஒரு மணிக்கே அவருக்கு முடிவு கிடைத்திருக்கும்.

அவர் வேலை ஓடிய அந்த இருபது மணி நேரத்தில் நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: எங்கே தவறினேன் என்று படிப்பது.

நாம் எழுதும் நிரல் இரண்டு கட்டங்களைக் கடந்து ஓடும் வடிவம் பெறுகிறது. முதலில் கம்பைலர் எனும் தொகுப்பி ஒவ்வொரு மூலக்கோப்பையும் தனித்தனியே பொறிமொழிக்கு மாற்றுகிறது. இவ்வாறு கிடைக்கும் கோப்புகளில் நிரப்பப்படாத இடங்கள் இருக்கும்: ‘இப்பெயருள்ள செயல்கூறு வேறெங்கோ உள்ளது’ என்னும் குறிப்புகள். பிறகு லிங்கர் எனும் இணைப்பி அக்கோப்புகளையும் நூலகங்களையும் ஒன்றாகப் பொருத்தி அந்த இடங்களை நிரப்புகிறது. தனித்தனியே பிழையற்ற கோப்புகள் சேரும்போது பிழைபடலாம். நிலைமொழியும் வருமொழியும் தம்மளவில் சரியாக இருந்தும் புணர்ச்சியில் தவறுவதைப் போல.

பல இழைகள் வேண்டும் என்பதை இவ்விரு கட்டங்களிலும் சொல்ல வேண்டும். ஜிசிசி தொகுப்பியில் ஓப்பன்எம்பிக்கான தெரிவு ‘எஃப்ஓப்பன்எம்பி’. தொகுக்கும்போது அதைக் கொடுக்காவிட்டால், மூத்தவர் எழுதிய அந்த வரியைத் தொகுப்பி ஒரு குறிப்புரையைப் போல ஒதுக்கிவிடும். பிழை என்று நிற்காது. நிரல் ஓர் இழையில் ஓடும். சரியான விடையையே தரும். நேரம் மட்டும் பல மடங்கு ஆகும். ஓப்பன்எம்பியை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே இப்படி வைத்தார்கள்: ஒரே மூலநிரல் ஒற்றைச் செயலிக் கணினியிலும் பல்செயலிக் கணினியிலும் தொகுக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். எனக்குக் கிடைத்தது பிழையான நிரல் அன்று, வேறொரு சரியான நிரல். ஒற்று விடுபட்ட ‘தந்த பலகை’. நான் அணைத்துவைத்த எச்சரிக்கைகளை விட்டுவைத்திருந்தால், இந்த வரியைப் புறக்கணிக்கிறேன் என்று தொகுப்பி ஒரு வரி சொல்லியிருக்கும்.

அடுத்த முறை தொகுக்கும் கட்டளையில் அத்தெரிவைச் சேர்த்தேன். இணைக்கும் கட்டளையில் சேர்க்க மறந்தேன். இம்முறை இணைப்பி உரக்கக் கத்தியது: ‘கோம்ப் பேரலல்’ என்னும் பெயருக்குப் பொருள் எங்கும் இல்லை, இணைக்க முடியாது. இழைகளை உருவாக்கி நிர்வகிக்கும் செயல்கூறுகள் ‘லிப்கோம்ப்’ என்னும் நூலகத்தில் உள்ளன. இணைக்கும்போதும் அதே தெரிவைக் கொடுத்தால்தான் அந்நூலகம் சேர்க்கப்படும். அந்தக் கத்தலைக் கேட்டபோது எனக்கு எரிச்சல் வரவில்லை, நன்றியுணர்வுதான் வந்தது. முதல் நாளே இப்படிக் கத்தியிருக்கலாமே என்று தோன்றியது.

ஓப்பன்எம்பி இல்லாமல் இழைகளை நேரடியாகக் கையாளும் நிரல்களில் நிலைமை இன்னும் நுட்பமானது. யூனிக்ஸ் வழிக் கணினிகளில் இழைகளுக்கான போசிக்ஸ் தரம் 1995-இல் வந்தது. லினக்ஸில் அதற்கான பி-த்ரெட் நூலகம் நெடுங்காலம் அடிப்படை சி நூலகத்திலிருந்து தனியாகவே இருந்தது. இணைக்கும்போது பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். தனியாக வைத்ததிலும் ஒரு நியாயம் உண்டு. பல இழைகள் ஒரே நினைவிடத்தைத் தொடும்போது பூட்டுகள் வேண்டும், பூட்டுகளுக்கு நேரம் செலவாகும். ஓர் இழையிலேயே ஓடும் நிரல் அந்தச் செலவை ஏன் சுமக்க வேண்டும்?

இதற்காகக் குனு சி பிளஸ் பிளஸ் நூலகம் ஓர் உத்தியைக் கையாண்டது. பி-த்ரெட்டின் ஒரு பெயரை ‘வலுவற்ற’ குறியீடாகக் குறித்து வைத்திருந்தது. அப்பெயர் கிடைத்தால் கொள்ளலாம், கிடைக்காவிட்டாலும் இணைப்பி குறை சொல்லாது. நிரல் ஓடும்போது அப்பெயர் இருக்கிறதா என்று நூலகம் பார்க்கும். இல்லையென்றால் இது ஓரிழை நிரல் என்று முடிவுசெய்து பூட்டுகளை வெறும் பெயரளவில் விட்டுவிடும். இதனால், அந்த நூலகத்தைச் சேர்க்காமல் இணைக்கப்பட்ட நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, பிழையின்றி இணைக்கப்பட்டு, முதல் இழையைத் தொடங்க முயலும் கணத்தில் ‘பல்லிழை ஆதரவை இயக்குக, செயல் அனுமதிக்கப்படவில்லை’ என்னும் பொருளில் ஒரு செய்தியோடு நின்றுவிடும். அனுமதி என்றவுடன் நிர்வாகியிடம் உரிமை கேட்டு ஓடியவர்கள் உண்டு. உண்மையில் விடுபட்டது இணைப்புக் கட்டளையில் ‘பி-த்ரெட்’ என்னும் ஒரு சொல். நிலையான இணைப்பு முறையிலோ இன்னொரு சிக்கல்: வலுவற்ற குறியீடுகளுக்காக இணைப்பி நூலகத்திலிருந்து எதையும் தேடி எடுப்பதில்லை. நூலகத்தின் பெயரைச் சொல்லியிருந்தும், அதன் சில பகுதிகள் வந்து சில பகுதிகள் வராமல், ஓடும்போது வெற்று முகவரிக்குப் பாய்ந்து நிரல் வீழ்ந்துவிடும்.

வரிசையும் முக்கியம். நிலையான நூலகங்களை இணைப்பி இடமிருந்து வலமாகப் படிக்கும். அதுவரை நிரப்பப்படாத பெயர்களுக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். எனவே, கேட்கும் கோப்பு முன்னும் கொடுக்கும் நூலகம் பின்னுமாக நிற்க வேண்டும். மாற்றி வைத்தால் புணராது.

ஜிலிப்சி 2.34 பதிப்பு 2021 ஆகஸ்டில் வந்தபோது பி-த்ரெட் நூலகம் அடிப்படை சி நூலகத்தோடு ஒன்றாக்கப்பட்டது. புதிய கணினிகளில் மேற்சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை அதோடு தீர்ந்தன. ஆனால், சென்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய அமைப்புகள் ஓடும் சேவையகங்களில் இருப்பது 2.17. அங்கே பழைய விதிகள்தாம். எண்கணித நூலகங்களிலோ இன்றும் தேர்வு நம் கையில்: இன்டெலின் எம்கேஎல் நூலகத்தில் ஓரிழை அடுக்கு, பல்லிழை அடுக்கு என இரண்டும் தனித்தனியே உள்ளன. எதை இணைக்கிறோமோ அதுதான் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை என் நிரலைச் சரியாகத் தொகுத்து, சரியாக இணைத்து, தரவகத்தின் ஒரு சிறு பகுதியில் ஓட்டினேன். ‘டாப்’ 3000-க்கு மேல் காட்டியது. மகிழ்ச்சி கால் மணி நேரம்தான் நீடித்தது. வகைவாரியான எண்ணிக்கைகளைக் கூட்டினால் மொத்தச் சந்திப்புகளின் எண்ணிக்கை வரவேண்டும். குறைந்தது. மீண்டும் ஓட்டினேன், வேறொரு அளவு குறைந்தது. காரணம் நான் சேர்த்த எண்ணிக்கை வரிகள். ஒரு பட்டியலில் 40 என்றிருப்பதை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் படிக்கின்றன. இரண்டும் ஒன்று கூட்டி 41 என்று எழுதுகின்றன. 42 ஆகியிருக்க வேண்டியது 41-ஆகவே நிற்கிறது. மூத்தவரின் நிரல் பல இழைகளுக்காக எழுதப்பட்டது; என் வரிகள் அப்படி எழுதப்படவில்லை. இழைகள் இயங்காதவரை அக்குறை வெளிப்படவே வாய்ப்பில்லாமல் இருந்தது. மெதுவாக ஓடிய தவறான நிரல் சரியான எண்களைத் தந்தது. விரைவாக ஓடிய ‘சரியான’ நிரல் தவறான எண்களைத் தந்தது. கூட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லாதிருந்தால் அந்த எண்கள் என் ஆய்வேட்டில் ஏறியிருக்கும். ஒவ்வோர் இழைக்கும் தனிப் பட்டியல் கொடுத்து இறுதியில் அவற்றைக் கூட்டும்படி மாற்றியபின், ஓரிழையில் கிடைத்த எண்களும் பல்லிழையில் கிடைத்த எண்களும் ஒன்றாயின.

முழுத் தரவகத்திற்கும் பதினெட்டரை மணி நேரம் ஆயிற்று. 144 மணி நேர வேலை 32 கோர்களில் நாலரை மணியில் அல்லவா முடிய வேண்டும்? ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் இதற்கு விடை சொல்கிறது: பகிர முடியாத பகுதி எவ்வளவோ, அதற்குக் கீழே நேரம் இறங்காது. என் நிரலில் கோப்புகளை வரிசையாகப் படித்துத் தூய்மை செய்து தொடர்களாகப் பிரிக்கும் வேலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதாவது 14 மணி 24 நிமிடம். மிச்சமுள்ள 129.6 மணியை 32-ஆல் வகுத்தால் நான்கு மணிக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து பதினெட்டரை.

இதே கணக்கை 16 கோர்களுக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டரை மணி. பாதிக் கோர்களைப் பிறருக்கு விட்டிருந்தால் எனக்குக் கூடியிருக்கக்கூடியது நான்கு மணி நேரம் மட்டுமே. 32-ஐயும் கேட்டபோது இந்தக் கணக்கு எதையும் நான் போடவில்லை. கிடைக்கிறதே என்று கேட்டேன்.

உங்களுக்குப் பயன்படக்கூடும் என்று நான் இப்போது கடைப்பிடிப்பவற்றைச் சொல்லி முடிக்கிறேன். எச்சரிக்கைகளை அணைப்பதில்லை. பல்லிழைத் தெரிவைத் தொகுக்கும்போதும் இணைக்கும்போதும் கொடுக்கிறேன். இணைத்து முடித்த நிரலை ‘எல்டிடி’ கட்டளையால் கேட்கிறேன்: நீ எந்த நூலகங்களை நம்பி இருக்கிறாய்? அதில் லிப்கோம்ப் இல்லையென்றால் வேலையை வரிசையில் சேர்ப்பதில்லை. வரிசையில் எத்தனை கோர்கள் கேட்டேனோ அத்தனை இழைகளையே ‘ஓஎம்பி நம் த்ரெட்ஸ்’ மாறியில் குறிக்கிறேன். சிறு தரவில் ஓரிழையிலும் பல்லிழையிலும் ஓட்டி எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறேன். பெரிய ஓட்டம் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் ‘டாப்’ திறந்து 1 என்னும் எண்ணை அழுத்துகிறேன். ஒவ்வொரு கோரும் தனித்தனியே தெரியும். நீண்ட ஓட்டங்களில் முடிவுகளை மணிக்கொரு முறை கோப்பில் எழுதவைக்கிறேன், யாராவது கதவைத் தட்டினால் இரவு முழுவதும் யோசிக்காமல் நிறுத்துவதற்காக.

அந்த இளையவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அக்கா, அடுத்த ஆண்டும் அந்தக் கருத்தரங்கு நடக்கும் என்றார். நடக்கும்தான். ஆனால், ஆய்வு உதவித்தொகையின் மாதங்களை எண்ணிக்கொண்டு வாழ்பவர்களுக்கு ஓர் ஆண்டு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்போது நான் 16 கோர்கள்தாம் கேட்கிறேன்.

உங்கள் சேவையகத்தில் ஏதேனும் வேலை ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்தவுடன் ஒருமுறை போய்ப் பாருங்கள்.